முஹன்னத்: உலைக்களமும் ஆய்வுக்கூடமும் அரபு ஏடும்

அரபுக் கல்லூரிகளில் இலக்கியப் பாடம் ஓதிய எவருக்கும் 'முஹன்னத்' என்னும் சொல் புதியதன்று. கஃபு இப்னு சுஹைர் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருமுன்னர் பாடிய 'பானத் ஸுஆத்' கஸீதாவில் அச்சொல் இடம்பெற்றுள்ளது. அதற்கு முற்பட்ட தரஃபாவின் முஅல்லகாவிலும் உள்ளது. 'வாள்' என்று பொருள் கூறிவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவது நம் வகுப்பறை வழக்கம். சற்றே விரித்துரைப்போர் 'ஹிந்து நாட்டு இரும்பால் ஆன வாள்' என்பர். ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் நாமும் அவ்வாறே ஓதிக்கொடுத்து வந்தோம். அந்த இரும்பு யாது, அதை ஆக்கியோர் யாவர், அரபு நாட்டுக் கவிஞர் அதைத் தனித்துப் பெயர் சொல்லிப் போற்றியது ஏன் என்று நாம் கேட்டதில்லை. நம்மிடம் ஓதிய மாணாக்கரும் கேட்டதில்லை.

கேட்டவர் ஒரு பொறியியல் மாணவர். தேங்காய்ப்பட்டணத்தைச் சார்ந்த அவ்விளைஞர் இயந்திரப் பொறியியலில் மேற்படிப்புப் படித்து வந்தார். விடுமுறையில் ஊர் வந்தபோது நம்மைக் காண வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பழங்கால எஃகு பற்றி எழுதிய கட்டுரை ஒன்று அவர் கையில் இருந்தது. அதில் ஃபூலாத், ஃபிரிந்த், நர்மாஹன் எனும் சொற்களின்கீழ் அவர் கோடிட்டிருந்தார். "உஸ்தாத், அல்பீரூனி இந்த எஃகைச் செய்ய நர்மாஹனையும் அதன் தண்ணீரையும் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாராம். இரும்புக்கு ஏது தண்ணீர்?" என்று வினவினார். நம்மிடம் விடை இல்லை. அகராதியைப் புரட்டியபோது நர்மாஹன் பாரசீகச் சொல், மென்மையான இரும்பு என்று பொருள்படும் என்பது மட்டுமே கிட்டியது. 'பிறகு பார்த்துச் சொல்கிறோம்' என்று அவரை அனுப்பிவைத்தோம். அந்த வினாவின் பின்னே சென்று நாம் கற்றவற்றையே ஈண்டு வாசகர்முன் வைக்கின்றோம்.

அல்கிந்தியின் வகைப்பாடு

தேங்காய்ப்பட்டணம் குழித்துறை ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் அமைந்த தொன்மையான ஊர். அங்குள்ள ஜும்ஆப் பள்ளிவாசலை மாலிக் இப்னு தீனார் (ரஹ்) அவர்களின் வருகையோடு இணைத்துப் பேசுவது ஊர் மரபு. தோப்பில் முஹம்மது மீரானின் புதினங்கள் வாயிலாக அவ்வூரின் கடற்கரை தமிழுலகம் முழுதும் அறிமுகமாயிற்று. அரபு வணிகர் மலபார்க் கரைக்கு வந்தது மிளகுக்காகவும் ஏலத்துக்காகவும் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். அது மெய்யே. ஆயினும் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்கே சென்ற சரக்குகளில், ஒரு கைக்குள் அடங்கும் எஃகுக் கட்டிகளும் இருந்தன என்பதை நாம் கூறுவதில்லை.

அக்கட்டிகளின் பயனை அறிந்தவர் 'அரபுகளின் மெய்யியலாளர்' எனப் போற்றப்படும் அபூயூசுஃப் யஃகூப் அல்கிந்தி. 833 முதல் 842 வரை (ஹிஜ்ரி 218-227) ஆட்சி புரிந்த அப்பாஸியக் கலீஃபா முஃதஸிமுக்காக அவர் வாள்களைப் பற்றி ஒரு ரிஸாலா எழுதினார். வாள் செய்ய உதவும் இரும்பை அதில் அவர் இரு பிரிவாக்குகின்றார். ஒன்று, சுரங்கத்திலிருந்து கிடைப்பது. அதில் வன்மையானது ஷாபுர்கான், மென்மையானது நர்மாஹன், இரண்டும் கலந்தது மூன்றாவது. மற்றொன்று, சுரங்கத்தில் கிடைக்காதது. அதுவே ஃபூலாத், தூய்மையாக்கிச் செய்யப்படுவது.

இவ்வகைப்பாடு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மண்ணில் கிடைக்கும் பொருள் வேறு, மனிதன் தன் அறிவால் உருவாக்கும் பொருள் வேறு என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஓர் அறிஞர் கோடு கிழிக்கின்றார். இன்று பல்கலைக்கழகங்களில் 'மேம்பட்ட பொருள்கள்' என்ற பெயரில் இயங்கும் ஆய்வுத் துறைகள் அந்த இரண்டாம் பிரிவின் நீட்சியே எனலாம். வாள்களை அவை தோன்றிய இடத்தாலும் அவற்றின் மேனியில் ஓடும் வரிகளாலும் பிரித்தறியும் வழிகளையும் அல்கிந்தி தருகின்றார். அவ்வரிகளின் பெயரே ஃபிரிந்த். யமன் வாளும் ஹிந்து வாளும் ஸரந்தீப் வாளும் அவர் பட்டியலில் உள்ளன.

ஸரந்தீப் என்று அவர் எழுதியது வெறும் செவிவழிச் செய்தியன்று என்பதை அகழாய்வு மெய்ப்பித்தது. இலங்கையின் ஸமனலவெவப் பகுதியில் ஆய்வு நடத்திய கில்லியன் ஜூலெஃப், பருவக்காற்றை நேர்முகமாக வாங்கி எரியும்படி மலைச்சரிவுகளில் அமைக்கப்பட்ட இரும்பு உருக்கும் உலைகளைக் கண்டறிந்தார். அவற்றைப் போன்ற உலையைத் தாமே கட்டி, துருத்தியின்றிக் காற்றின் வலிமையாலேயே இரும்பு உருக்கிக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' இதழில் அவ்வாய்வு வெளிவந்தது. அவ்வுலைகளின் காலம் ஏழாம் நூற்றாண்டுக்கும் பதினோராம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. அல்கிந்தி வாழ்ந்த காலமும் அதனுள் அடங்கும். மரக்கலங்களைச் செலுத்திய அதே பருவக்காற்று, அக்கலங்கள் நாடி வந்த இரும்பையும் உருக்கியது.

மூசையில் விளைந்த எஃகு

இந்த எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என அழைத்தனர். கன்னடத்தில் எஃகைக் குறிக்கும் 'உக்கு' என்பதன் திரிபே அது என்பது பெரும்பாலோர் கருத்து. தமிழின் 'உருக்கு' அதற்கு உறவுடைய சொல்.

செய்முறை கேட்பதற்கு எளியது. களிமண்ணோடு உமியைப் பிசைந்து மூசை செய்வர். தேனிரும்புத் துண்டுகளை அதில் இட்டு, உடன் ஆவாரை மரத்துண்டுகளையும் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவர். பல மூசைகளை உலையில் அடுக்கிக் கரியிட்டு, மணிக்கணக்கில் துருத்தி ஊதுவர். தூய இரும்பு உருகுவதற்கு 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அக்கால உலைகளில் அவ்வளவு வெப்பம் எழுவது அரிது. ஆனால் மூசைக்குள் அடைபட்ட மரமும் இலையும் கரியாகி, அக்கரியை இரும்பு உறிஞ்ச உறிஞ்ச, அதன் உருகுநிலை தாழ்ந்துகொண்டே வரும். அவ்வாறு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கரி ஏறிய இரும்பு மூசைக்குள் முற்றிலும் உருகிவிடும். கிட்டம் மேலே மிதந்து பிரிய, அடியில் மாசற்ற எஃகு தங்கும். அதை மெல்ல ஆறவிட்டு மூசையை உடைத்தால், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கட்டி கிடைக்கும்.

தமிழகத்தில் இத்தொழில் தொன்மையானது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' எனப் போற்றும் ஊர் நொய்யலாற்றங்கரையில் ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980களில் அங்கு நடத்திய அகழாய்வில் இரும்புத் தொழில் உலைகளும் மூசைகளும் வெளிப்பட்டன. பழைய தென்னார்க்காட்டைச் சார்ந்த மேல்சிறுவளூரில், மும்பை ஐ.ஐ.டி.யில் பொறியியல் கற்றுப் பின்னர் தொல்லியலுக்கு வந்த சாரதா சீனிவாசன் எஃகு மூசைச் சில்லுகளைக் கண்டறிந்து ஆராய்ந்தார். கட்டிகளைச் செய்தோர் நம் நாட்டுக் கருமார். அவற்றை விலைகொடுத்துப் பெற்றோர் அரபியரும் பாரசீகரும். தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் எஃகு வாங்குவதற்கு இஸ்ஃபஹான் நகர வணிகர் நேரில் வந்து தங்கி, உருக்கும் வேலையை உடனிருந்து பார்த்ததாக 1832இல் அச்சான வாய்ஸியின் குறிப்பு உரைக்கின்றது. வாங்குவோர்க்கும் அத்தொழில் நுட்பம் ஓரளவு தெரிந்திருந்தது.

ஐரோப்பியர் தேடிய விடை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த எஃகு இலண்டனின் அறிவியல் அவையை அடைந்தது. பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட கட்டிகளை ஆராய்ந்து 1795இல் ஜார்ஜ் பியர்சன் ஒரு கட்டுரை படித்தார். கொல்லர் ஒருவரின் மகனான மைக்கேல் ஃபாரடே, பிற்காலத்தில் மின்னியலில் பெரும்புகழ் எய்துவதற்கு முன்னர், 1819ஆம் ஆண்டளவில் இதனை ஆராய்ந்தார். களிமண்ணில் உள்ள அலுமினியப் பொருள் கலந்திருப்பதே இதன் சிறப்புக்குக் காரணம் என்று அவர் எண்ணினார். அம்முடிவு பிழையாயிற்று. ஆயினும் அந்தத் தேடலில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து அவர் பிற உலோகங்களை எஃகோடு கலந்து பார்த்த சோதனைகள், கலப்பு எஃகு ஆய்வுக்கு வழிகோலின. சில ஆண்டுகளுக்குள் பாரிஸ் நாணயச் சாலையின் பிரேயான், மிகுதியான கரியே இதன் அடிப்படை எனக் கண்டுரைத்தார்.

நம் வாசகர்க்கு நன்கு அறிமுகமான பரங்கிப்பேட்டையும், அஃதாவது மஹ்மூது பந்தரும், இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கே ஐரோப்பிய முறையில் இரும்பாலை நடத்தினார். நம் கருமாரின் எஃகு செய்முறையைக் கூர்ந்து நோக்கி எழுதிவைத்தவர்களுள் அவரும் ஒருவர். ஆவாரையும் எருக்கும் பற்றிய செய்தி அவர் வாயிலாகவும் நமக்குக் கிட்டுகின்றது. பின்னர் 1839இல், எஃகு வார்ப்பில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் அவர் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து எஃகுத் தொழில் அதனால் வளம் பெற்றது. பரங்கிப்பேட்டை ஆலையோ நிலைக்கவில்லை. கருமாரின் மூசை உலைகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. இலங்கையில் எஞ்சியிருந்த செய்முறையை, அந்நாட்டுக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராயிருந்த ஆனந்த குமாரசுவாமி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்தார்.

பேராசிரியரும் கொல்லரும்

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னர் இக்கதை மீண்டும் உயிர்பெற்றது. 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓலெக் ஷெர்பி, ஜெஃப்ரி வாட்ஸ்வொர்த் முதலியோருடன் சேர்ந்து மிகைக்கரி எஃகை ஆராய்ந்துகொண்டிருந்தார். கரி இவ்வளவு மிகுந்தால் எஃகு நொறுங்கும், எதற்கும் உதவாது என்பதே அக்காலப் பொதுக்கருத்து. அவர்களோ, உரிய வெப்பத்தில் தட்டி அதன் உட்துகள்களை மிக நுண்மையாக்கினால், அவ்வெஃகு சூட்டில் அறுபடாமல் பன்மடங்கு நீளும் என்று கண்டனர். தாங்கள் புதிதாக ஆக்கிய எஃகின் கலவை பழைய டமாஸ்கஸ் வாளின் கலவையை ஒத்திருப்பது, பழைய வாள்களில் நாட்டமுடைய ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே அவர்களுக்குத் தெரியவந்தது. 1985இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் அதனை அவர்கள் விரிவாக எழுதினர்.

எனினும் வாளின் மேனியில் ஓடும் ஃபிரிந்த் வரிகள் எவ்வாறு உண்டாயின என்ற வினா தீரவில்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன் அதனை எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் மட்டும் அமர்ந்து அவர் அதனைச் செய்யவில்லை. ஃபுளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் கட்டியும் கத்திகள் அடித்தும் வாழ்ந்த ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரோடு கூட்டுச் சேர்ந்தார். கொல்லர் மூசையில் எஃகு வார்த்துச் சம்மட்டியால் அடித்து வாளாக்குவார். பேராசிரியர் அதை அறுத்து நுண்ணோக்கியில் நோக்குவார். சில கட்டிகளில் வரிகள் தோன்றின. சிலவற்றில் எவ்வளவு முயன்றும் தோன்றவில்லை. காரணத்தைத் தேடியபோது வனேடியம் முதலிய சில தனிமங்கள் மிகமிக நுண்ணிய அளவில் கலந்திருப்பதே வரிகளைத் தோற்றுவிக்கின்றது என்று தெளிந்தனர். பத்து லட்சத்தில் 40 பங்கு வனேடியம் இருந்தாலே போதுமாம். எஃகு மெல்ல ஆறும்போது அத்தனிமம் அடுக்கடுக்காக ஒதுங்குகின்றது. மிகையான சூடேற்றாமல் பன்முறை காய்ச்சி அடிக்கும்போது, இரும்பும் கரியும் சேர்ந்த வெண்ணிறத் துகள்கள் அவ்வடுக்குகளிலேயே அணிவகுக்கின்றன. 1998இல் இம்முடிவுகளை அவர்கள் வெளியிட்டனர். ஷெர்பியும் வெர்ஹோவனும் எல்லாவற்றிலும் உடன்பட்டவர் அல்லர், எழுத்திலேயே வாதிட்டனர். கல்வி வளர்வது அவ்வாறுதான்.

இக்கலை மறைந்ததற்கு வெர்ஹோவன் கூறும் விளக்கம் நம் நெஞ்சைத் தொடுகின்றது. வனேடியம் கலந்த தாது கிடைத்த சுரங்கங்கள் தீர்ந்து, வேறு தாது வந்திருக்கலாம். கொல்லர் தம் முன்னோர் செய்தவாறே அனைத்தையும் செய்திருப்பர். வரி மட்டும் தோன்றியிராது. ஏன் என்று அறிய அவருக்கு வழியில்லை. கைக்குத் தெரிந்ததன் காரணம் அறிவுக்குத் தெரியாதிருந்தது. காரணத்தை ஆராயத்தக்க கல்வி பெற்றோர் அவ்வுலைக்களத்தின் வாயிலை மிதித்ததே அரிது. சில தலைமுறைகளில் அக்கலை அற்றுப்போயிற்று.

நம் நாட்டுப் பேராசிரியர்களும் இதில் பின்தங்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் எஸ். ரங்கநாதனும் முன்னர்க் குறிப்பிட்ட சாரதா சீனிவாசனும் இணைந்து 2004இல் இவ்வெஃகைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். தொன்மை உலகின் மேம்பட்ட பொருள் என்றே அந்நூலின் துணைத்தலைப்பு இதனைச் சுட்டுகின்றது.

பெருமையும் எச்சரிக்கையும்

2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் பாஃப்லரும் அவர் குழுவினரும் பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்த டமாஸ்கஸ் வாள் ஒன்றின் துண்டில் நுண்ணிய கரிக்குழாய்களைக் கண்டதாக 'நேச்சர்' இதழில் எழுதினர். அச்செய்தி பரவியதும் மேடைகளில் முழக்கங்கள் எழுந்தன. 'நானோ தொழில்நுட்பத்தை அன்றே அறிந்தவர் நாம்' என்று முஸ்லிம் பேச்சாளர் சிலர் கூற, அதனையே தமிழரின் பெயராலும் இந்தியரின் பெயராலும் வேறு சிலர் கூறினர்.

நாம் இதில் நிதானம் பேண வேண்டும். கரிக்குழாய் இருந்தது என்பது வேறு, அதனை அறிந்து ஆக்கினர் என்பது வேறு. மூசையில் எஃகு வார்த்தவரோ அதை வாளாக அடித்தவரோ அதனை அறிந்திருக்க இயலாது. அவ்வாய்வின் முடிவையும் அறிஞர் அனைவரும் அப்படியே ஏற்றுக்கொண்டனர் எனல் ஆகாது. மேலும், இவ்வாளை எந்த ஒரு சமுதாயமும் தனியுடைமையாகக் கோர முடியாது. மூசையில் எஃகு விளைவித்தவர் தமிழகத்திலும் கருநாடகத்திலும் தெலங்கானாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த கருமார். மத்திய ஆசியாவின் மர்வு நகரிலும் மூசை எஃகு செய்யப்பட்டதை அகழாய்வு காட்டியுள்ளது. வாளாக வடித்தவருள் இஸ்ஃபஹான், டமாஸ்கஸ் நகரத்துக் கைவினைஞர் உண்டு. எழுதிவைத்தவர் அல்கிந்தியும் அல்பீரூனியும். காரணம் கண்டவர் இக்காலப் பேராசிரியர்கள். ஒருவர் கை ஓய்ந்த இடத்தில் மற்றவர் கை தொடர்ந்தது.

இரும்பின் 'தண்ணீர்'

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். அல்பீரூனி தம் இறுதிக்காலத்தில் கஸ்னியின் ஸுல்தான் மவ்தூதுக்காக 'அல்ஜமாஹிர் ஃபீ மஃரிஃபதில் ஜவாஹிர்' என்னும் நூலை எழுதினார். இரத்தினங்களையும் உலோகங்களையும் பற்றிய அந்நூல், கிரென்கோவின் பதிப்பாக 1936இல் ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் அச்சகத்தில் வெளிவந்தது. நம் நாட்டிலேயே அச்சான நூலை நாம் புரட்டிப் பார்க்க ஒரு பொறியியல் மாணவர் வந்து தூண்ட வேண்டியிருந்தது என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

அதில் இரும்பு பற்றிய பகுதியில் விடை இருக்கின்றது. நர்மாஹனின் 'மாஉ', அஃதாவது தண்ணீர், என்பது தாதை உருக்கும்போது முந்தி உருகி ஓடும் கடினமான வெண்ணிற இரும்பு. 'தூஸ்' என்பது அதன் பெயர். இக்காலத்தார் வார்ப்பிரும்பு என்பது இதனையே ஒக்கும். கரி மிகுந்தது, எளிதில் உருகுவது. மென்மையான இரும்பையும் இந்தத் 'தண்ணீரையும்' மூசையிலிட்டுக் காய்ச்சினால் இருவகை விளைவு உண்டு என்கின்றார் அல்பீரூனி. இரண்டும் சீராக உருகி ஒன்றானால் அது ஒரே தன்மையுடைய எஃகு. முழுதும் ஒன்றாகாமல் இரண்டின் பகுதிகளும் அடுத்தடுத்துத் தங்கினால், இரு நிறமும் கண்ணுக்குத் தெரியும், அதுவே ஃபிரிந்த். பேராசிரியர்கள் நுண்ணோக்கியில் கண்ட விவரம் அனைத்தும் இதில் இல்லை. ஆனால் இரு தன்மைகள் அருகருகே நிற்பதால்தான் வரி தோன்றுகின்றது என்ற கருத்து இதில் உள்ளது.

இங்கே மொழியின் நுட்பம் ஒன்றுண்டு. அரபுக் கவிதையில் 'வாளின் தண்ணீர்' என்றால் அதன் ஒளி. இரத்தின வணிகர் தமிழில் 'நீரோட்டம்' என்று சொல்வது போன்றது. கவிதை மட்டும் ஓதியவர் அல்பீரூனியின் 'தண்ணீரை' ஒளி என்று பொருள் கொண்டு வழுவுவார். பொறியியல் மட்டும் கற்றவர் மொழிபெயர்ப்பில் 'தண்ணீர்' என்று கண்டு, காய்ச்சிய வாளைத் தோய்க்கும் நீர் எனக் கருதி வழுவுவார். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து ஓதினால்தான் அச்சொல் விளங்கும். மேலைநாட்டார் அதைச் செய்தனர். அரபு வரலாற்றறிஞர் ராபர்ட் ஹோய்லாந்தும் பழம்பொருள் உலோகவியல் அறிஞர் பிரையன் கில்மோரும் சேர்ந்து அல்கிந்தியின் ரிஸாலாவை மொழிபெயர்த்து, விளக்கத்தோடு 2006இல் வெளியிட்டனர். ஒருவர் சொல்லைப் பார்த்தார். மற்றவர் இரும்பைப் பார்த்தார்.

நம் குமரி மாவட்டத்தில் அரபுக் கல்லூரிகளும் உண்டு, பொறியியற் கல்லூரிகளும் பல உண்டு. ஒரே தெருவிலிருந்து ஒரு பிள்ளை இங்கும் மற்றொரு பிள்ளை அங்கும் செல்கின்றனர். ஒரே வீட்டில் அண்ணன் ஆலிமாகவும் தம்பி பொறியாளராகவும் இருப்பதும் புதிதன்று. ஆனால் இரு கல்லூரி ஆசிரியர்களும் கூடி ஒரு நூலைப் படித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. கருமாரின் கைக்கும் கற்றோரின் அறிவுக்கும் இடையே இருந்த சுவரால் ஒரு கலை அழிந்தது. நம் இரு கல்விகளுக்கிடையே நிற்கும் சுவரும் அதைப் போன்றதே.

நாம் வேண்டுவது பெரிதன்று. அல்ஜமாஹிரின் இரும்புப் பகுதி சில பக்கங்களே. அதனை இறுதியாண்டு மாணாக்கருக்குப் பாடமாக ஓதிக்கொடுத்து, உலோகவியல் பயிற்றும் பேராசிரியர் ஒருவரையும், வாய்த்தால் கொல்லுப்பட்டறையில் உழைக்கும் முதியவர் ஒருவரையும் அந்த அவைக்கு அழைக்கலாம். சொல்லுக்குச் சொல் தமிழில் பெயர்த்து அச்சிடலாம்.

தேங்காய்ப்பட்டணத்து இளைஞருக்கு விடையை எழுதி அனுப்பினோம். 'தூஸ்' பற்றிய செய்தி தமக்குப் பெரிதும் உதவியது என்று மறுமொழி எழுதியவர், இறுதியில் மற்றொன்றும் கேட்டிருந்தார்: "உஸ்தாத், அந்தப் பகுதி முழுவதையும் நாம் சேர்ந்து படிக்கலாமா?" அடுத்த விடுமுறைக்கு அவர் ஊர் வரும்போது தொடங்குவதாக இருக்கின்றோம், இன்ஷா அல்லாஹ். 'பானத் ஸுஆத்' வகுப்பில் முஹன்னத் என்னும் சொல் வரும்போது, இப்போதெல்லாம் நாம் அடுத்த அடிக்கு விரைவதில்லை.